இன்னும் வராத நேரத்தில் கரையேறிய படகு

லைன் வந்து பச்சை விளக்கு எரிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற பழக்கம் உங்களில் பலருக்கு இருக்கிறது. போன மாதம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது பார்த்தேன். கிளை அலுவலகத்துக் கணினியோடு இணைக்கிற லைன் அறுந்து, திரும்பக் கிடைத்தது. ஒருவர் கைதட்டினார், இன்னொருவர் எல்லாருக்கும் டீ சொன்னார். லைன் இல்லாத நேரத்தில் அந்தப் பக்கத்துக்காரர்கள் என்னென்ன எழுதி வைத்தார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று எழுந்து வந்துவிட்டேன். கத்த நினைத்ததைத்தான் இப்போது எழுதுகிறேன். எனக்கு நயமாக எழுத வராது. பொறுத்துக்கொள்ளுங்கள், அல்லது பொறுத்துக்கொள்ளாதீர்கள். படித்தால் போதும்.

2005 மழைக்காலம். சுனாமி அடித்து ஓராண்டு முழுதாக ஆகவில்லை. மரக்காணம் கரையோரக் குப்பங்களில் எந்தப் படகு கடலில் இருக்கிறது, எது திரும்பிவிட்டது என்று அன்றாடம் பதிகிற ஏற்பாட்டை ஒரு தொண்டு அமைப்பு செய்திருந்தது. அதன் கணினி வேலை எங்கள் கம்பெனியுடையது. மரக்காணத்தில் ஓர் அறை, தெற்கே கீழ்புத்துப்பட்டில் ஓர் அறை, சென்னையில் தலைமை அறை. மூன்றிலும் ஒரே தரவுத்தளம். குப்பத்திலிருந்து யாராவது போன் செய்து படகின் நம்பரைச் சொல்வார்கள். அறையில் இருப்பவர் ‘கடலில்’ என்று பட்டனைத் தட்டுவார். திரும்பி வந்தால் ‘கரையில்’. ஓர் அறையில் பதிந்தது மற்ற இரண்டுக்கும் லைன் வழியாகத் தானாகப் போய்ச் சேரும். நாம் ரெப்ளிகேஷன் என்கிறோமே, அதுதான். ஒரே படகுக்கு இரண்டு அறைகளிலிருந்து வேறுவேறு பதிவு வந்தால், எதன் நேரம் பிந்தியதோ அது நிற்கும், மற்றது அழியும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

புயல் எச்சரிக்கை வந்தால் சென்னை அறையில் ஓர் அதிகாரி வந்து உட்காருவார். எந்தக் கரையிலிருந்து எத்தனை படகு வெளியே இருக்கிறது என்று திரையைப் பார்த்து, மீட்புப் படகை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வார். எங்கள் பக்கத்துக்கும் வடக்கே இருந்த கரைக்கும் சேர்த்து இருந்தது ஒரே மீட்புப் படகு.

கீழ்புத்துப்பட்டு லைன் மரக்காணம் உப்பளத்து வரப்பு வழியாக வரும். உப்பளத்தில் செம்பு, இரும்பு எதுவும் தங்காது. கேபிளை இணைத்திருந்த பெட்டி துருப்பிடித்துப்போய், மழை பெய்தால் தண்ணீர் இறங்கி லைன் படுத்துவிடும். அன்று காலையும் படுத்துவிட்டது. மரக்காணத்துக்கும் சென்னைக்கும் தொடர்பு இருந்தது. கீழ்புத்துப்பட்டு மட்டும் தனியாக நின்றது. சென்னையிலிருந்து பஸ் பிடித்து வந்து நேராக வரப்புக்குப் போனேன். வழியெல்லாம் வானம் கறுத்திருந்தது. புயல் எங்கள் கரைப் பக்கம் திரும்பிவிட்டது, யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்று மதியம் அறிவித்திருந்தார்கள்.

கேபிள்காரரோடு முழங்கால் தண்ணீரில் நின்றேன். மழைக்கு உற்பத்தி நின்றுபோய், குவித்து வைத்த உப்பின் மேல் ஓலை போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்களைப் பார்த்து, “ஏம்பா, உங்களுக்கும் ஒரு ஓலை போட்டு மூடட்டுமா, கரைஞ்சிடப் போறீங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெட்டியை மாற்றி முடித்து, மரக்காணம் அறைக்குப் போய், நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் லைனை எழுப்பினேன். பச்சை.

அடுத்த நிமிடமே சென்னையிலிருந்து எங்கள் மேனேஜர் கூப்பிட்டார்.

“சூப்பர்பா. கீழ்புத்துப்பட்டும் வந்துடுச்சு. அதிகாரி பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. உங்க கரையில ஒரு படகுகூட வெளிய இல்லன்னு காட்டுது. எல்லாம் கரையில.”

“சரிங்க” என்றேன். எனக்குச் சந்தோஷம். சட்டை நனைந்திருந்தது, பசித்தது, லைன் வந்துவிட்டது. பஸ்ஸுக்கு மணி பார்த்தேன்.

மரக்காணம் அறையில் பதிவு செய்தவர் ஸ்டெல்லா. அப்பா அம்மா இருவரும் உப்பளத்தில் கூலி வேலை. ப்ளஸ் டூ முடித்து கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்திருந்தார். அவர் டீ வைக்க எழுந்தபோது வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். அனுமந்தையில் மீன் விற்கும் அஞ்சலை. கூடையைத் தலையில் கவிழ்த்து மழைக்குப் பிடித்திருந்தார்.

“ஸ்டெல்லா, எங்க படகு எங்கனா ஒதுங்கிச்சான்னு தகவல் வந்துச்சா?”

“இருங்கக்கா, பாக்கறேன்.” ஸ்டெல்லா திரையைப் பார்த்தார். “கரையிலன்னு இருக்குதேக்கா.”

“எந்தக் கரையில?”

“கரையிலன்னுதான் போட்டிருக்குது.”

“இன்னாமே வெளையாடற? நான் கரையிலேர்ந்துதான வர்றேன். எம் புருஷனையும் காணோம், எந்தம்பி குமாரையும் காணோம். படகு இருந்த எடத்துல நாய் படுத்துனு இருக்குது.”

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினார்.

“சார், மதியம் இவங்களுக்கு நான்தான் கடல்லன்னு போட்டேன். காலைல விட்டுட்டு வந்த வலையை எடுக்கப் போறோம்னு ஏழுமலை அண்ணனே போன் பண்ணாரு. எச்சரிக்கை வந்திருக்குது, போகாதீங்கன்னேன். சுனாமிக்கு அப்புறம் இப்பதான் வலை கெடைச்சுது, அதை வுட்டா அடுத்தது யாரு தருவான்னாரு. என் கையால போட்டேன் சார். இப்ப இல்ல.”

ஏழுமலை என்பவர் அஞ்சலையின் கணவர். அந்தப் படகில் அவரும் குமாரும் இன்னும் இருவருமாக நாலு பேர்.

“தப்பா தட்டியிருப்ப. மறுபடி போடு” என்றேன்.

போட்டார். ‘கடலில்’ என்று வந்தது. மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும். எங்கள் கண்ணெதிரே அது ‘கரையில்’ என்று மாறியது. ஸ்டெல்லா கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டார். மறுபடி போடச் சொன்னேன். மறுபடி மாறியது.

அஞ்சலை எங்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “அது ஏம்மே திரும்பத் திரும்ப வந்துட்டான், வந்துட்டான்னு சொல்லுது?” என்றார்.

நான் இந்த வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவன். லைன் அறுந்து பார்த்திருக்கிறேன், மெஷின் எரிந்து பார்த்திருக்கிறேன். ஒரு மனுஷி தன் கையால் எழுதியதை மெஷின் இப்படி அடித்து எழுதுவதை அதற்கு முன் பார்த்ததில்லை.

மேனேஜரைக் கூப்பிட்டேன். “அனுமந்தை பதிவு தப்பா இருக்குதுங்க. ஆளுங்க இன்னும் கடல்லதான் இருக்காங்க.”

“இங்கயும் கரையிலதான் காட்டுது. கீழ்புத்துப்பட்டுலயும் அதே. மூணு எடத்துலயும் ஒண்ணா இருக்குது. அப்புறம் இன்னா டவுட்டு?”

இந்த வாக்கியத்தை அன்றுமுதல் எத்தனை அலுவலகங்களில் கேட்டுவிட்டேன். உங்கள் அலுவலகத்திலும் போன மாதம் கேட்டேன். மூன்று இடத்தில் ஒரே மாதிரி இருந்தால் உண்மையாம். அது மூன்று சாட்சி கிடையாது. ஒரு சாட்சி சொன்னதை மற்ற இரண்டு பேர் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்ல வைக்கத்தானே நாம் சம்பளம் வாங்குகிறோம்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பதிவின் நேரத்தைப் பார்க்கத் தோன்றியது. படகு கரையேறிய நேரம்: அன்று இரவு ஒன்பது நாற்பது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். சாயங்காலம் நாலு தாண்டியிருந்தது. இன்னும் வராத நேரத்தில் ஒரு படகு வந்து சேர்ந்துவிட்டது. அதை மூன்று கணினிகள் ஒப்புக்கொண்டு, ஓர் அதிகாரிக்குச் சொல்லிவிட்டன. அவர் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் மேனேஜர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

கீழ்புத்துப்பட்டில் பதிவு செய்த பாஸ்கருக்குப் போன் போட்டேன்.

“ஏழுமலை படகை எப்ப கரையிலன்னு போட்ட?”

“காலைலயே சார். வாடைக்காத்துல தள்ளிக்கினு இங்கதான் வந்து ஏறுனாங்க. ஆளு கரையேறிட்டா வந்தாச்சுன்னுதான கணக்கு? போட்டுட்டேன். இங்கயே மீனை வித்துட்டு, காத்து கொறைஞ்சதும் ஊருக்குப் போயிட்டாங்க.”

“உன் மெஷின்ல இப்ப மணி என்ன காட்டுது?”

“காலைல கரண்ட் போயி வந்துச்சு சார். டைம் கேட்டுச்சு, வெச்சேன்.”

“இப்ப என்ன காட்டுதுன்னு பாருடா.”

“விடியகாலம் நாலுன்னு காட்டுது சார்” என்றான். பிறகு மெதுவாக, “நாளைக்கு” என்றான்.

புரிந்துவிட்டது. காலை ஒன்பதை இரவு ஒன்பது என்று வைத்துவிட்டான். அவன் காலையில் எழுதியவை லைன் இல்லாமல் அங்கேயே தேங்கி நின்றன. நான் உப்புத் தண்ணீரில் நின்று லைனைச் சரி செய்தேன். தேங்கியது மொத்தமும் வந்து இறங்கியது. எல்லாம் ராத்திரி நேரம். அதனால் ஸ்டெல்லா மதியம் எழுதிய எல்லாவற்றையும் அது ஜெயித்தது. அவர் இப்போது எழுதினாலும் ஜெயிக்கும். காலையில் தெற்கே ஒதுங்கிவிட்டு மதியம் வலை எடுக்கப் போன படகு ஒவ்வொன்றும் திரையில் கரையில் இருந்தது, நிஜத்தில் கடலில் இருந்தது. எத்தனை என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே காற்று கதவை அடித்துக்கொண்டிருந்தது. இருட்ட அதிக நேரமில்லை.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். பாஸ்கரிடம் நேரத்தைச் சரி செய்யச் சொல்வீர்கள். பிறகு பதிவுகளை ஒவ்வொன்றாகத் திருத்த உட்காருவீர்கள். பொறுப்பான வேலைதான். அந்த நேரம் முழுக்க சென்னைத் திரையில் பூஜ்ஜியம் பச்சையாக எரிந்துகொண்டிருக்கும்.

மேஜைக்கு அடியில் குனிந்து சென்னைக் கேபிளைப் பிடுங்கினேன்.

ஸ்டெல்லா, “சார், இப்பதானே சார் சரி பண்ணீங்க” என்றார். பதில் சொல்லுமுன் போன் அடித்தது.

“ஏம்பா, கட் ஆயிடுச்சு. மொத்தம் செவப்பா காட்டுது.”

“நான்தான் புடுங்கினேன்.”

“பைத்தியமா புடிச்சிருக்குது? அதிகாரி பாத்துனு இருக்காருப்பா.”

“பாக்கட்டும். அதுக்குத்தான் புடுங்கினேன். போனை அவர்கிட்ட குடுங்க.”

“குடுத்தா இன்னா சொல்லுவ? நம்ம சிஸ்டம் தப்புன்னா? ஒழுங்கா லைனைப் போடு. தப்பு இருந்தா நைசா திருத்திக்கலாம். வெளிய தெரிய வேணாம்.”

நான் அந்த ஆளைப் பத்து வருஷமாக அறிவேன். பிள்ளைகுட்டிக்காரர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவர் வாயிலிருந்து இது வந்தது. அதுதான் எனக்கு இன்னும் அதிர்ச்சி. கடலில் ஆள் இருக்கிறது என்று சொன்ன பிறகும் அவருக்குத் திரையின் மானம்தான் முதலில் வந்தது.

அஞ்சலை என்னிடம் கையை நீட்டினார். “யாரு அது? இப்டி குடு, நான் பேசறேன். பட்டணத்துல குந்திக்கினு எம் புருஷன் வந்துட்டான்னு இவருக்கு யாரு சொன்னது?”

அது போனில் கேட்டிருக்க வேண்டும். “போனை அவர்கிட்ட குடுக்கறீங்களா, நான் கலெக்டர் ஆபீசுக்கு அடிக்கட்டுமா?” என்றேன். கைமாறுகிற சத்தம் கேட்டது. பிறகு அதிகாரியின் குரல்.

“சொல்லுங்க. உங்க கரையில எத்தனை படகு வெளிய இருக்கு?”

“தெரியாதுங்க.”

“தெரியாதுன்னா எப்படி? கொஞ்சம் முன்னாடி ஒண்ணும் இல்லன்னு காட்டுச்சே.”

“அது தப்புங்க. எத்தனைன்னு எனக்குத் தெரியாது. ஆனா பூஜ்ஜியம் இல்லைங்க. அனுமந்தையில படகு நிக்கற எடம் காலியா கெடக்குதுன்னு ஒரு அம்மா பாத்துட்டு வந்து என் எதிர்ல நிக்கறாங்க.”

அவர் வேறு யாரிடமோ என்னவோ சொன்னார். திரும்பி வந்து, “மீட்புப் படகை வடக்கே போகச் சொல்லிட்டேன். கிளம்பிப் போயிடுச்சு. திருப்பச் சொல்றேன். எந்தெந்தப் படகுன்னு ஆள் வெச்சுப் பார்த்துச் சொல்லுங்க” என்றார். போனை வைத்துவிட்டார்.

கிளம்பிப் போயிடுச்சு. நான் பச்சையைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட நேரத்தில் அது கிளம்பியிருக்கிறது.

ஸ்டெல்லாவும் நானும் அஞ்சலையோடு ஆட்டோவில் அனுமந்தைக்குப் போனோம். மணலில் படகு இல்லாத இடங்களைப் பார்த்துப் பெண்கள் சொல்லச் சொல்ல, ஸ்டெல்லா போனில் அதிகாரிக்குச் சொன்னார். பக்கத்துக் குப்பங்களுக்கும் ஆள் போய்ப் பார்த்து வந்தார்கள். சில படகுகள் தாமாகவே கரைக்கு வந்தன. அலை ஆள் உயரத்துக்கு எழுந்துகொண்டிருந்தது. ஏழுமலை படகை மீட்புப் படகு வெளிச்சம் போகிற நேரத்தில் கண்டுபிடித்து இழுத்து வந்தது. வலை, தண்ணீருக்குள் சுழல்கிற என்ஜின் காற்றாடியில் சுற்றிக்கொண்டு, அலையில் குறுக்காக மாட்டிக்கொண்டிருந்ததாம். வலையை அறுத்துவிட குமார் கத்தியோடு தண்ணீரில் இறங்கியிருக்கிறான்.

படகில் மூன்று பேர் இருந்தார்கள்.

ஏழுமலை மணலில் உட்கார்ந்து, “கொஞ்சம் முன்னாடிதான். கொஞ்சம் முன்னாடிதான் வந்திருந்தா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரையும் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு எங்கள் திரையும் தெரியாது, லைனும் தெரியாது. கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. மீட்புப் படகு வடக்கே போய்த் திரும்பிய நேரம் எனக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற தைரியம் எனக்கு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

அஞ்சலை அழவில்லை. கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒருமுறை ஸ்டெல்லாவிடம், “நான் வந்து சொல்லலன்னா இவங்களையும் தேடியிருக்க மாட்டாங்க இல்ல?” என்று கேட்டார்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். லைன் அறுந்தால் அவசரப்பட்டு ஒட்டாதீர்கள். அறுந்த இரண்டு பக்கமும் அந்த நேரத்தில் தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கும். இரண்டையும் பாருங்கள், இரண்டின் கடிகாரத்தையும் பாருங்கள், பிறகு ஒட்டுங்கள். வாடிக்கையாளர் கத்துவார். கத்தட்டும். சிவப்பு எரிந்தால் மனிதன் போன் செய்து விசாரிப்பான். பச்சை எரிந்தால் விசாரிக்க மாட்டான். தெரியாத இடத்தில் ‘தெரியாது’ என்று சொல்லத் தெரியாதவன் இந்த வேலைக்கு வரவேண்டாம். உப்பு மூட்டை தூக்கப் போகட்டும். அங்கேயாவது யாரும் சாக மாட்டார்கள்.

எனக்கு மெமோ வந்தது. வேண்டுமென்றே இணைப்பைத் துண்டித்ததாக எழுதியிருந்தார்கள். வாஸ்தவம்தானே, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். பாஸ்கரை ஒன்றும் சொல்லாதீர்கள் என்று சண்டை போட்டேன். மணி தப்பாக வைக்கிற மனிதன் எங்கும் இருப்பான். நாளைய தேதியில் வருகிற பதிவை வாங்கிக்கொள்கிற மெஷினை யார் செய்தது என்று கேட்டேன்.

புயல் போன பிறகு இரண்டு பக்கத்தையும் உட்கார்ந்து ஒப்பிட்டு, கடிகாரங்களைச் சரிசெய்து, லைனை இணைத்தேன். ஸ்டெல்லா படகுகளை ஒவ்வொன்றாகக் கரையில் போட்டுக்கொண்டு வந்தார். ஏழுமலை படகு வந்ததும் கை நின்றது.

“சார், நாலு பேர் போனாங்க. மூணு பேர் வந்தாங்க. படகு வந்துடுச்சு. நான் எதைத் தட்டறது?”

திரையில் இரண்டே பட்டன்கள். கடலில், கரையில். அவர் எதையும் தட்டவில்லை. அந்தப் படகு ‘கடலில்’ என்றே நின்றது.

ஒரு வாரம் கழித்து, நான் அங்கே இருந்தபோதே, சென்னையிலிருந்து போன் வந்தது. மேனேஜர் குரல் வெளியே வரைக்கும் கேட்டது. “ஏம்மா, எல்லாம் கரைக்கு வந்தாச்சு, ஒண்ணு மட்டும் இன்னும் கடல்ல காட்டுது. மறுபடியும் லைன் பிரச்சினையா?”

“இல்லைங்க சார்” என்றார் ஸ்டெல்லா. “லைன் நல்லாத்தான் இருக்குது.”